தேவதூதருக்குக் கீழேயா நாம்? தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீ எழுதிப்போட்ட வரிசையைப் பார்த்தேன்: மேலே கடவுள், அடுத்துத் தேவதூதர், அதற்கும் கீழே மனிதர். மனிதன் தேவதூதரிலும் சற்றுச் சிறியவன் என்று எட்டாம் சங்கீதமே சொல்கிறதே என்பாய். உண்மைதான். ஆனால் ஆதித் திருச்சபை அந்த வசனத்தோடு நின்றுவிடவில்லை.

எபிரேயர் நிருபம் இரண்டாம் அதிகாரம் அதே சங்கீதத்தை எடுத்துக்கொண்டு, வரப்போகும் உலகம் தூதருக்குக் கீழ்ப்படுத்தப்படவில்லை என்கிறது. இயேசு கைகொடுத்தது தூதருக்கு அல்ல, ஆபிரகாமின் சந்ததிக்கு. பவுலுக்கு இன்னும் துணிச்சல் அதிகம். கொரிந்து சபையார் அற்ப வழக்குகளுக்கு நீதிமன்றம் ஏறியபோது, தேவதூதரையே நியாயந்தீர்க்கப்போகிற உங்களால் இதைத் தீர்க்க முடியாதா என்று கடிந்துகொண்டார்.

என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் இரேனியஸ். இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இன்றைய பிரான்சின் லியோன் நகரில் பேராயராக இருந்தவர். நெடுங்காலம் தொலைந்துபோயிருந்த அவருடைய சிறுநூல் ஒன்று 1904-இல் அர்மீனிய மொழிக் கையெழுத்துப் படியாகக் கிடைத்தது. அதில் ஆதாமைக் குழந்தை என்கிறார். பூமிக்கும், அங்கே ஊழியராக வைக்கப்பட்ட தூதருக்கும் அவனே எஜமான். ஆனால் ஊழியர்கள் முழுவளர்ச்சி பெற்றவர்கள். எஜமானோ சிறுபிள்ளை, இனிமேல்தான் வளர வேண்டும். அவனுக்குக் கிடைத்த வரங்களைக் கண்டு ஒரு தூதன் பொறாமைப்பட்டான். விவேகம் முற்றாத பிள்ளை எளிதில் ஏமாந்தது. ஆதாமின் வீழ்ச்சியை இத்தனை கனிவோடு சொன்னவர்கள் மிகச் சிலரே!

உடலை இகழ்ந்து, இரகசிய ஞானத்தாலேயே மீட்பு என்று போதித்த நாஸ்டிக்குகள் என்ற பிரிவினரை மறுத்து அவர் எழுதிய ஐந்து பாகப் பெருநூலின் கடைசி வாக்கியத்தையும் பார். மனிதன் தூதர்களையும் கடந்து ஏறி, தேவனுடைய சாயலை அடைவான் என்கிறது. மண்ணால் வனையப்பட்ட அதே மனிதன்தான்.

எல்லோரும் இப்படி நினைக்கவில்லை. தூதரும் மனிதரும் ஆதியில் சமநிலையில் இருந்தவர்கள், தேவனைவிட்டு விலகிய அளவுக்கேற்பப் பிரிந்தார்கள் என்றார் மூன்றாம் நூற்றாண்டின் இறையியலாளர் ஓரிகன். அங்கே நாம் இந்த உடலோடு இருப்பதே ஒரு சறுக்கலின் விளைவாகிவிடுகிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

தூதரைத் தாழ்த்திப் பேசச் சொல்லவில்லை. வெளிப்படுத்தல் 22-இல் யோவான் வணங்கும்படி தூதனின் பாதத்தில் விழுகிறார். தூதனோ தடுத்து, நானும் உன்னைப் போல ஓர் ஊழியக்காரன், தேவனைத் தொழுதுகொள் என்கிறான். வரும் ஞாயிறு பிள்ளைகளோடு அந்தப் பகுதியை வாசி. அவர்கள் கேட்கும் கேள்விகளை எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்