கொரியரில் ஒரு பார்சல்

திண்டுக்கல்,
ஞாயிறு இரவு.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்பு போல இல்லை. அப்பத்தா தினமும் உன்னைக் கேட்கிறது. போன் போட்டால் "நல்லா இருக்கேம்ப்பா, வைக்கட்டா" என்கிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரல் படம் வருகிறது. அதனால்தான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன்.

நாளைக்குக் கடையிலிருந்து உனக்கு ஒரு பார்சல் போடுகிறேன். பிரித்துப் பார்த்துவிட்டு மூலையில் வைத்துவிடாதே. ஆல்டிராப் என்கிற பெரிய தாழ்ப்பாள் ஒன்று, டவர்போல்ட் என்கிற சின்னத் தாழ்ப்பாள் இரண்டு, கதவில் பதிக்கிற லென்ஸ் ஒன்று, இரண்டு இஞ்ச் ஸ்க்ரூ இரண்டு டஜன், என் மேஜையில் இருக்கும் ஸ்க்ரூடிரைவர். செய்தித்தாளில் சுற்றி ஒன்று இருக்கும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஆவணியில் உன்னை வேளச்சேரியில் குடிவைக்க வந்தபோதே அந்தக் கதவைப் பார்த்தேன். கொண்டியைப் பிடித்திருந்த நாலு ஸ்க்ரூவில் ஒன்று தலை தேய்ந்து சுற்றிக்கொண்டே இருந்தது. இன்னொன்று இல்லவே இல்லை. அந்த ஓட்டையில் தீக்குச்சியை ஒடித்துத் திணித்து மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். நகத்தால் சுரண்டினால் குச்சி வெளியே வந்தது. நான் ஸ்க்ரூடிரைவர் கேட்டதற்கு உன் தோழிகள் முன்னால் "அப்பா, வந்ததும் வேலையை ஆரம்பிக்காதீங்க" என்றாய். சரி என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

முப்பது வருடமாகப் பூட்டு விற்கிறேன். நம் ஊர்ப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நீ கடைக்கு லட்டு வாங்கி வந்தாயே, அந்தப் பெருமை எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், திருடவோ வேறு எதற்கோ வருகிறவன் பூட்டோடு மல்லுக்கட்ட மாட்டான். கொண்டியைப் பெயர்ப்பான். அரை இஞ்ச் ஸ்க்ரூ நிலையின் மேல்தோலைத்தான் பிடித்திருக்கும். இரண்டு இஞ்ச் ஸ்க்ரூ மரத்துக்குள் இறங்கி நிற்கும். கீலுக்கும் அதையே போடு. ஸ்க்ரூவை மாற்றினாலே பாதிக் கவலை தீர்ந்தது.

வெளியே போகும்போது கிரில்லில் பெரிய பூட்டைத் தொங்கவிடாதே. அது 'வீட்டில் ஆள் இல்லை' என்று எழுதி மாட்டிய போர்டு மாதிரி. கதவோடு சேர்ந்த பூட்டைப் போட்டுவிட்டுக் கிரில்லை உள்ளே கைவிட்டுப் பூட்டு. உங்களுக்கு முன்னால் நாலு பையன்கள் குடியிருந்ததாகச் சொன்னாய். அவர்கள் எத்தனை சாவி போட்டு வைத்தார்கள், யாரிடம் கொடுத்தார்கள், உனக்கும் தெரியாது வீட்டுக்காரருக்கும் தெரியாது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கதவுப் பூட்டில் சாவி நுழைகிற சிலிண்டரை மட்டும் மாற்று, செலவு என்னுடையது. அவர் மறுத்தால் நான் பேசுகிறேன். அவரும் நினைத்த நேரம் வீட்டுக்குள் வர முடியாது. 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில், உள்ளே வருவதற்கு 24 மணி நேரம் முன்னால் எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது.

சாவியைச் செருப்பு ஸ்டாண்டில் வைக்காதே. பூந்தொட்டிக்கு அடியிலும் வேண்டாம். ஜன்னல் ஓரம் போனைச் சார்ஜ் போட்டுத் தூங்காதே, ஜன்னல் வழியாகக் கம்பை விட்டு எடுத்துவிடுவார்கள். அடுப்படிக் கதவை மறக்காதே. எல்லாரும் முன்வாசலைத்தான் பார்ப்பார்கள்.

ராத்திரி பதினொன்றரைக்குக் காலிங் பெல் அடிக்கிறது என்று வைத்துக்கொள். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன். திறக்காதே. 'யாரு' என்று கேள், கதவுக்கு நேராக நிற்காமல் சுவர்ப்பக்கம் நின்று கேள். லைட்டைப் போடு. இன்னொரு பெண்ணை எழுப்பு. பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும் 112 அடி. ஒன்றும் இல்லாமல் அடித்துவிட்டோமோ என்று வெட்கப்படாதே. 181-ம் இருக்கிறது, அது பெண்களுக்கு என்றே உள்ளது. காவல் துறையின் 'காவல் உதவி' செயலியை மூன்று பேர் போனிலும் ஏற்றுங்கள். ஆனால் பதற்றத்தில் செயலியைத் தேட வராது, 112 தான் விரலுக்கு வரும். ஒருவன் அரைமணி நேரம் கழித்துத் திரும்ப வந்து கதவை ஆட்டிப் பார்த்தாலும் இதேதான். திறக்காதே. 112.

தம்பி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவனைத் திட்டாதே.

தீபாவளிக்கு வந்து நீ கிளம்பும்போது முறுக்கு டின்னை உன் பையில் வைக்கப் போனேன். சைடு ஜிப்பில் கைக்குட்டையில் சுற்றி ஒரு கத்தி இருந்தது. பழம் நறுக்குகிற கத்திதான். கைப்பிடியில் ரப்பர் பேண்ட் போட்டிருந்தாய், வழுக்காமல் இருக்க. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் பிள்ளை எதை நினைத்து அந்த ரப்பர் பேண்டைச் சுற்றியிருக்கும்? ஒன்றும் கேட்காமல் ஜிப்பை மூடினேன். பஸ் ஏற்றிவிட்டு வந்தும் அம்மாவிடம் சொல்லவில்லை.

போன வாரம் ஷட்டர் ரிப்பேருக்கு ஆள் கேட்டு வக்கீல் சார் கடைக்கு வந்தார். உட்கார வைத்து டீ வாங்கிக்கொடுத்துக் கேட்டேன். 'யாருக்கு' என்றார். 'தெரிஞ்சவங்க பொண்ணு ஒண்ணு' என்றேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நன்றாகப் படி. நம் சட்டத்தில் தற்காப்பு உரிமை உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96-லிருந்து 106 வரை இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34-லிருந்து 44 வரை. தன் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்வது குற்றம் ஆகாது. அவன் அடித்த பிறகுதான் என்றில்லை, ஆபத்து வருகிறது என்று நியாயமான பயம் வந்த அந்த நிமிடமே உரிமை தொடங்கிவிடும். பாலியல் வன்முறை, ஆசிட் வீச்சு, கடத்தல், உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்று வந்தால் அவன் உயிரே போனாலும் சட்டம் உன் பக்கம், அது 38-ஆவது பிரிவு. பொழுது இறங்கியதிலிருந்து விடிவதற்குள் வீட்டை உடைத்து வருகிறவனுக்கும் அப்படி ஒன்று 41-ல் இருக்கிறது.

ஆனால் 37-ஐ மறக்கக் கூடாது என்று விரலை நீட்டிச் சொன்னார். தப்பிக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். போலீஸை அழைக்க நேரம் இருந்தால் அழைத்திருக்க வேண்டும். அவன் ஓடத் தொடங்கிய பிறகு துரத்திப்போய்க் குத்தினால் அது தற்காப்பு இல்லை. அதற்காக உயிர்ப்பயத்தில் இருக்கிறவர் தராசில் நிறுத்து நிறுத்து அடிக்க வேண்டும் என்று கோர்ட் எதிர்பார்ப்பதும் இல்லையாம். 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது என்றார்.

சட்டம் இருக்கட்டும், கத்தி வேண்டாம் பாப்பா. உன்னைவிடப் பலமானவன் உன் மணிக்கட்டைப் பிடித்தால் கத்தி யார் பக்கம் திரும்பும்? அதை அடுப்படியில் வை. பெப்பர் ஸ்ப்ரே வாங்கிக்கொள், லைசென்ஸ் வேண்டியதில்லை. காலாவதித் தேதி பார். பூட்டிய அறைக்குள் அடித்தால் உன் கண்ணுக்கும்தான் எரியும், வாசலைப் பார்த்து நகர்ந்துகொண்டே அடி, அடித்ததும் ஓடு. நின்று பார்க்காதே. கத்து. 'காப்பாத்துங்க' என்பதைவிட 'தீ, தீ' என்று கத்தினால் அக்கம்பக்கம் வெளியே வரும் என்று அத்தை சொல்லும். கிரில்லுக்குக் கரண்ட் கொடுக்கலாமா என்று உன் தோழி அன்று கேட்டாளே, அந்த நினைப்பே வேண்டாம். மலையடிவாரத்தில் பன்றிக்கு என்று வேலியில் கரண்ட் விட்டு மனுசர் செத்து, விவசாயிகள் ஜெயிலுக்குப் போகிறார்கள்.

2012-ல் மதுரையில் ஒரு அம்மா, குடித்துவிட்டு வந்து பெற்ற மகளிடமே தவறாக நடக்கப்போன கணவரைக் கிரிக்கெட் மட்டையால் அடித்தார். அவர் இறந்துபோனார். அப்போது எஸ்.பி.யாக இருந்த அஸ்ரா கார்க், அது தற்காப்பு என்று பழைய 100-ஆவது பிரிவின்படி அந்த அம்மாவை விடுவித்தார். நம் பக்கமெல்லாம் அதே பேச்சு. நீ அப்போது சின்னப் பிள்ளை, எழுத்துக் கூட்டாமல் பேப்பர் படிக்கிற வயது வந்துவிட்டது. நான் அந்தப் பக்கத்தை மட்டும் உருவி மடித்துக் கல்லாவுக்கு அடியில் வைத்தேன். இதெல்லாம் உன் காதில் விழக் கூடாது என்று நினைத்தேன். அந்த அம்மாவை நல்லவர் என்று ஒரு வார்த்தை உன் எதிரில் சொல்லியிருக்கலாம்.

வக்கீல் சார் எழுந்து போகும்போது இன்னொன்று சொன்னார். ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதே தனிக் குற்றம், இப்போது 78-ஆவது பிரிவு என்றார். இது புதுசா என்று கேட்டேன். 'இல்லண்ணே, 2013-லயே வந்துருச்சு' என்றார்.

அவர் போன பிறகு என்னால் கடையில் உட்கார முடியவில்லை.

நீ பிளஸ் ஒன் படிக்கும்போது டியூஷன் விட்டு வரும் வழியில் ஒருவன் வண்டியில் பின்னாலேயே வருகிறான் என்று கடைக்கு வந்து சொன்னாய். யூனிஃபார்ம் துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பேசினாய். நான் ஒருவருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், 'நாளையிலருந்து பெரிய ரோட்டு வழியா வா, யார்ட்டயும் சொல்லாத' என்றேன். மறுமாதம் டியூஷனை நிறுத்தினேன். உன்னை நம்பவில்லை என்றோ, தப்பு உன் மேல் என்றோ நீ நினைத்திருப்பாய். டியூஷன் இல்லாமலே அத்தனை மார்க் வாங்கி என் தலையை நிமிர வைத்தாய். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

நீ வண்டி நம்பரும் சொன்னாய். கேட்டதுமே எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. நம் கடையில் கணக்கு வைத்திருந்த ஒரு கான்ட்ராக்டரின் மகன். அவர் நாற்பதாயிரத்துச் சொச்சம் தர வேண்டியிருந்தது. போய்ச் சட்டையைப் பிடித்தால் அந்தப் பணம் வராது என்று ஒரு கணக்கு என் மனசுக்குள் ஓடியது. அந்தப் பணம் வந்தது பாப்பா, பாக்கி இல்லாமல் வந்தது. ஆனால் நீ என்னிடம் எதையும் சொல்வது அன்றோடு நின்றுபோனது. இதை உன் அம்மாவிடமும் நான் சொன்னதில்லை.

ராத்திரி பெல் அடித்ததை நீ தம்பியிடம் சொல்லி என்னிடம் சொல்லாததற்குக் காரணம் தேடி வேறெங்கும் போக வேண்டியதில்லை.

நான் உன்னை ஊருக்கு வரச் சொல்லவில்லை, படிப்பை விடச் சொல்லவும் இல்லை. வீட்டை மாற்றுவதும் மாற்றாததும் நீங்கள் மூன்று பேரும் முடிவு செய்ய வேண்டியது. புகார் கொடுக்கலாம் என்று நினைத்தால் கொடு. எந்த ஸ்டேஷனிலும் வாங்கிக்கொள்ள வேண்டும், 'எங்க எல்லை இல்ல' என்று திருப்பி அனுப்பக் கூடாது. பெல் அடித்த தேதி, நேரம், எத்தனை தடவை, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் இப்போதே எழுதி வை. மாடிப்படியில் யார் வீட்டிலாவது கேமரா இருந்தால் பதிவு அழிவதற்குள் கேட்டு வாங்கு. ஸ்டேஷனுக்கு நான் கூட வருகிறேன். நீ பேசு, நான் பக்கத்தில் நிற்கிறேன்.

செய்தித்தாளில் சுற்றியிருப்பது என் பழைய செருப்பு. மூன்று பெண்பிள்ளைகள் செருப்பு மட்டும் வாசலில் கிடக்க வேண்டாம். துடைத்துப் பளபளப்பாக்காதே, தினமும் இடம் மாற்றிப் போடு.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் கிளம்பி வரலாம் என்றிருக்கிறேன். வேண்டாம் என்றால் வரமாட்டேன், நீயே போன் போட்டுச் சொல். வந்தால் டிரில் மெஷினை எடுத்துவருவேன், லென்ஸுக்கு அதில்தான் ஓட்டை போட முடியும். மூன்று பேரில் யார் குட்டையோ அவரைக் கதவுக்கு முன்னால் நிறுத்தி, தரையிலிருந்து கண் வரைக்கும் எத்தனை இஞ்ச் என்று அளந்து சொல். அதுவரைக்கும் ராத்திரியில் யார் வந்தாலும் திறக்காதே. 112.

இப்படிக்கு,
அப்பா