புதைந்த சக்கரத்தில் கட்டை கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நடவுக்குச் சேறடிக்கும்போது டிராக்டர் புதைந்தால், பின்சக்கரத்தில் கட்டையைக் கட்டி முன்னோக்கிக் கிளப்புகிறார்கள். இதுதான் உயிரை வாங்குகிறது. சக்கரம் சுழல வழியில்லாதபோது இன்ஜின் விசை, பின் அச்சைச் சுற்றி வண்டியையே தூக்கும். முன்சக்கரம் எழும்பி, ஒன்றரை நொடிக்குள் வண்டி மல்லாந்து ஓட்டுநர் அடியில் நசுங்குவார். கிளட்சை மிதிக்கக்கூட அவகாசம் இருக்காது.

சக்கரத்துக்குப் பின்னால் சேற்றை வெட்டி, ரிவர்ஸில் மெதுவாக எடுங்கள். வரவில்லையா, இன்னொரு டிராக்டரால் இழுங்கள். சங்கிலியை, வண்டியின் பின்னால் தாழ்வாக உள்ள இழுவைக் கம்பியான டிராபாரில் மட்டுமே மாட்ட வேண்டும். அதற்கு மேலே, கருவிகளை மாட்டும் டாப் லிங்க்கில் மாட்டினால் இழுக்கும் வண்டியும் கவிழும்.

சாலையில் ஏறுமுன் இடது, வலது பின்சக்கரங்களுக்கான இரண்டு பிரேக் பெடல்களையும் கொக்கியால் இணைத்துவிடுங்கள். மட்கார்டில் யாரையும் உட்கார வைக்கவே கூடாது.

வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகமும் சீட் பெல்ட்டும் இல்லாத பழைய டிராக்டர்களுக்கு அவற்றைப் பொருத்த அரசு மானியம் தர வேண்டும்.

- வேளாண் இயந்திரப் பயிற்றுநர்கள், தஞ்சாவூர்