தெற்கு வாசல் வீடு

மெல்பர்ன்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சாவி வாங்கிவிட்டோம் என்று போனில் சொன்னதுமே, வாசல் எந்தப் பக்கம், சுவர் எத்தனை இஞ்சு என்று கேட்டீர்கள். சுவரைப் பற்றிச் சொல்லிவிட்டு வாசலை மழுப்பிவிட்டேன். வாசல் தெற்குங்கப்பா. கோபப்படாமல் மேலே படியுங்கள்.

இந்த நாட்டில் வெயில் வடக்கேயிருந்து விழும். நம்மூரில் மார்கழிச் சூரியன் தெற்கே சாய்கிற மாதிரி, இங்கே குளிர்காலமான ஆடியில் வடக்கே தாழ்ந்து போகும். வீதி தெற்கே இருந்தால் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பொடக்காளியும் சமையலறையும் வடக்கு பார்க்கும். குளிர்கால வெயில் நேராக உள்ளே வரும். இங்கே விவரம் தெரிந்தவர்கள் தேடுவதே அப்படி வீட்டைத்தான்.

1970களில் கட்டியது. வெளியே செங்கல் தெரிந்தாலும் கூரையைத் தாங்குவது உள்ளேயிருக்கும் மரச்சட்டம்தான். தரையும் மண்ணில் உட்காரவில்லை, குட்டைக் கால்கள் மேல் நிற்கிறது. கருங்கல்லில் கடக்கால் போட்ட உங்களுக்குச் சிரிப்பு வரும். மரமென்றால் கரையான் பயம் உண்டே, அதனால் வாங்குமுன் அதற்கென்று இருக்கிற ஆளை அழைத்தோம். தரைக்கு அடியில் தவழ்ந்து போய், தட்டிப் பார்த்து, போட்டோவோடு எழுதிக் கொடுத்தார்.

நிறைய வீடுகளை இங்கே ஏலத்தில் விற்கிறார்கள். நம் கண்ணபுரம் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து மாட்டு விலை பேசுவார்கள். இங்கே வீட்டு வாசலில் நின்று ஊர் கேட்கக் கத்துகிறார்கள். ஏலத்தில் எடுத்தால் பின்வாங்க முடியாது, பெரும்பாலும் அன்றைக்கே 10 சதவீதம் கட்ட வேண்டும். உங்க மாப்பிள்ளைக்கு அந்த வேகம் ஒத்துவரவில்லை. பேசி வாங்கினால் இந்த மாநிலத்தில் 3 வேலை நாள் யோசிக்க இடமுண்டு. அப்படித்தான் இது கிடைத்தது.

அப்புறம் வேலை. பழைய கம்பளத்தைக் கிழித்தால் அடியில் நல்ல வைரம் பாய்ந்த மரப்பலகை! ஆணியெல்லாம் பிடுங்கி, இழைத்துப் பாலிஷ் போட வைத்தோம். பெயின்ட் மட்டும் நாங்களே. சுவரைக் கழுவி, ஓட்டைக்குப் பட்டி வைத்து, தேய்த்து, அதன்பிறகு இரண்டு கோட்டிங். கழுவுவதும் தேய்ப்பதும்தான் முக்கால்வாசி வேலை. வெள்ளையடிக்கும் முன் சுரண்டச் சொல்லி எங்களை நீங்கள் விரட்டியது வீண்போகவில்லை. சமையலறை அலமாரி உறுதியாக இருந்ததால் கதவுக்கு வண்ணமடித்து, கைப்பிடி மட்டும் மாற்றினோம். தாளிக்கிற புகை வெளியே போக ஒரு விசிறி. அலமாரியையே புதுசாக மாட்டச் சொல்லி ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எதற்கு?

குளியலறைப் பலகையைத் தொடவில்லை. அந்தக் காலத்துப் பலகையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; இந்த நாட்டில் முழுத் தடை வந்ததே 2003 கடைசியில்தான். துளைத்தால், தேய்த்தால் தூசி நுரையீரலுக்குக் கெடுதி. சும்மா இருக்கிறவரை தொந்தரவில்லை. பின்னால் எடுப்பதென்றால் உரிமம் உள்ள ஆளை வைத்துத்தான்.

அம்மாவும் நீங்களும் வரும்போது விதை எதுவும் மூட்டை கட்ட வேண்டாம், விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். உங்கள் ரசமட்டத்தை மட்டும் எடுத்து வாருங்கள். பொடக்காளியில் தளம் போட வேண்டும். மழைத்தண்ணீர் வீட்டுப் பக்கம் ஓடி அடியில் ஈரம் தங்கினால் கரையானுக்குக் கொண்டாட்டம். வாட்டம் பார்க்க நீங்கள் வருகிறவரை சிமென்ட் வாங்கப் போவதில்லை.

உங்கள் மகள்