மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் இருக்கும் மீனவர்கள் நீச்சல் சொல்லித் தரட்டும்

மதிப்பிற்குரிய கடலூர் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கு லீவு விட்டுவிட்டால் எங்கள் குடும்பம் வீடு தங்காது. விடியற்காலையில் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை, ஒருநாள் பிச்சாவரம், இன்னொரு நாள் புதுச்சேரி சுண்ணாம்பாறு, அப்புறம் பண்ருட்டிப் பக்கம் சொந்தக்காரர் தோப்பில் பலாச்சுளையும் பம்ப்செட் குளியலும் என்று மே மாதம் முழுக்க ஓட்டம்தான். கத்திரி வெயிலில் பிள்ளைகள் தண்ணீரைத் தேடித்தான் போவார்கள். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அந்தத் தண்ணீரில் உயிர் தப்ப இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

2022 ஜூனில் நெல்லிக்குப்பம் அருகே குச்சிப்பாளையத்தில், கெடிலம் தடுப்பணையில் குளிக்கப் போன 7 பேர் மூழ்கி இறந்தார்கள். 7 பேரும் பெண் பிள்ளைகள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து என் மகள் தண்ணீரில் இறங்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவுதான். நம் ஊரில் ஆண் பிள்ளைகளாவது கிணற்றிலும் ஏரியிலும் விழுந்து எழுந்து நீச்சல் பழகிக்கொள்கிறார்கள். பெண் பிள்ளைகளைக் கரையிலேயே உட்கார வைத்துவிடுகிறோம். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் மீட்கும் முறையும் கற்றுத்தர வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது.

சொல்லித்தர ஆள் எங்கே என்று கேட்பீர்கள். ஆள் நம் கரையிலேயே இருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளர்கள் கடலுக்குப் போக முடியாமல் வலை சீர் பார்த்துக்கொண்டு கரையில் இருக்கும் நாட்களும், பிள்ளைகளின் கோடை விடுமுறையும் ஏறக்குறைய ஒன்றுதான். அவர்களில் விருப்பமுள்ளவர்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுத்து, நாள் சம்பளம் பேசி, ஊர் ஊராக அனுப்பலாமே. தடைக்கால நிவாரணத்தில் கை வைக்காமல் இது தனிச் சம்பளமாக இருக்க வேண்டும்.

அவர்கள் சொல்லித்தருவதைப் பார்த்திருக்கிறேன். தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவர் என் மகனின் பிடரிக்குக் கீழே ஒரு கையை மட்டும் கொடுத்து, "வயித்த மேல தூக்குடா, மூச்ச விடாத, தண்ணி ஒன்னத் தாங்கும்" என்றார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கையும் விலகியிருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. கரையேறியதும் கடலைக் காட்டினார். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாகக் கிடந்தது. அங்கேதான் இறங்கலாம் என்று நான் நினைத்திருப்பேன். அங்கேதான் இழுப்பு இருக்கிறது என்றார் அவர். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் வழி அது. மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து முட்டி மோதாமல், கரைக்குப் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு யார் சொல்கிறார்கள்?

கடலில் வைத்துச் சொல்லித்தர வேண்டும் என்று கேட்கவில்லை. மார்பளவுக்கு மேல் ஆழமில்லாத பம்ப்செட் தொட்டி போதும். படிக்கட்டுள்ள கோயில் குளத்தில் ஒரு பகுதியைக் கயிறு கட்டிப் பிரித்தாலும் சரி. பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்கி, பெண் பயிற்சியாளர்களையும் வையுங்கள். பிள்ளைகள் அன்றாடம் போடும் சுடிதாரோடும் பாவாடையோடும் மிதந்து பழகட்டும். ஆற்றில் தவறி விழும்போது நீச்சல் உடையா போட்டிருப்பார்கள்? இன்னொன்று, மூழ்குகிறவரைக் காப்பாற்றக் குதிக்காதே, துப்பட்டாவை வீசு, கயிற்றை வீசு, மூடிபோட்ட காலி கேனை வீசு என்று பழக்க வேண்டும். ஒருவரை எடுக்கப் போய் அடுத்தவரும் போவது இந்த ஆறுகளில் புதிதல்ல.

தடுப்பணைகளில் எச்சரிக்கைப் பலகை வைப்பது நல்லதுதான். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைக்கு ஆழம் புரிய, அளவுக்கல்லில் சிவப்புக் கோடு இழுத்தால் இன்னும் நல்லது.

அடுத்த ஏப்ரலுக்குள் மீன்வளத் துறையையும் பள்ளிக் கல்வித் துறையையும் மீனவப் பஞ்சாயத்தாரையும் ஒருமுறை உட்கார வைத்துப் பேசுங்கள். முதல் வருடம் கெடிலம், பெண்ணையாற்றுக் கரை ஊர்களில் மட்டும் தொடங்கினாலும் போதும். பெயர் எழுதவும், கரையில் நின்று பிள்ளைகளைக் கணக்கெடுக்கவும் எங்களைப் போன்ற பெற்றோர் வருகிறோம்.

இப்படிக்கு,
கடலூரிலிருந்து ஒரு தாய்