பண்ணை மானுக்காக விதியைத் தளர்த்தாதீர்கள்

டெக்சஸ் பூங்கா, வனவிலங்கு ஆணைய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 48 டாலர் கட்டி ஆண்டு அனுமதி வாங்கி, சாம் ஹூஸ்டன் தேசியக் காட்டில் மான் வேட்டைக்குப் போகிறவன் நான். மான்களைக் கொல்லும் மெலிவு நோய்க்கான பரிசோதனை விதிகளைத் தளர்த்தச் சொல்லி மான் பண்ணைக்காரர்கள் உங்களை நெருக்குகிறார்கள். தயவுசெய்து இடம் கொடுக்காதீர்கள்.

பண்ணையில் பெரிய கொம்புள்ள ஆண் மானின் உறைவிந்தை வாங்கிப் பெண் மானுக்குச் சினை ஊசி போடுகிறார்கள். பிறந்த குட்டிக்குக் காதுவில்லை, அப்புறம் புரதத் தீவனம். சில ஆண்டுகளில் கிளைக்கு மேல் கிளை வெடித்து, வேர்க்கட்டை மாதிரி முறுக்கிய கொம்போடு நிற்கும். அதை உயர்வேலி போட்ட இன்னொரு பண்ணைக்கு வண்டியில் ஏற்றிப் போய், ஆயிரக்கணக்கில் டாலர் கொடுப்பவர் சுடுவதற்காக அவிழ்த்து விடுகிறார்கள். தீவனம் கொட்டும் சத்தத்துக்குப் பழகிய மான் அது. அதைச் சுடுவதை வேட்டை என்று என்னால் ஏற்க முடியவில்லை. உயர்வேலிக்குள் சுட்ட மானை, வேட்டைச் சாதனைகளைப் பதியும் பூன் அண்ட் கிராக்கெட் சங்கமும் தன் பதிவேட்டில் சேர்ப்பதில்லை.

காட்டு மானிடம் காற்று திசை மாறி நம் வாசனை போனால் போதும். முன்னங்காலைத் தரையில் தட்டும், ஒரு சீறல், வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு போயே போய்விடும். அன்றைக்கு வெறுங்கைதான். 1993இல் கனடாவின் சஸ்காட்செவனில் மைலோ ஹேன்சன் சுட்ட காட்டு மானின் கொம்பு, கிளை நீளம், சுற்றளவு எல்லாம் கூட்டிப் போடும் கணக்கில் 213 அங்குலத்துக்குச் சற்று மேல். ஒழுங்கான வடிவக் கொம்புகளில் 30 ஆண்டுகளுக்கு அந்தச் சாதனையை யாராலும் முறியடிக்க முடியவில்லை.

சரி, எதைச் சுடுவது என்பது அவரவர் விருப்பம் என்றே வைத்துக்கொள்வோம். மெலிவு நோயை அப்படி விட முடியாதே! 1967இல் கொலராடோவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அடைத்து வைத்திருந்த மான்களிடம்தான் அது முதலில் தெரிந்தது. டெக்சஸில் 2012இல் ஹுவேகோ மலையின் காட்டு மான்களிடமும், 2015இல் மெடினா கவுண்டியில் ஒரு பண்ணையிலும் கண்டுபிடிக்கப்பட்டது. உருக்குலைந்த புரதம் மூளையை அரித்துப் பஞ்சாக்கிவிடும். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. பிடித்தால் சாவுதான். ஒரு வருடத்துக்கு மேல் வெளியே எதுவுமே தெரியாது. அதற்குள் எச்சிலிலும் சிறுநீரிலும் வெளியேறி மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். உயிருள்ள மானில் செய்யும் பரிசோதனை ஆரம்பநிலை நோயைத் தவறவிடலாம். தானாக நடந்து சில மைல் போகும் நோயை ஒரே இரவில் பல நூறு மைல் கொண்டுபோய் இறக்குவது இந்த வண்டிகள்தான்.

வேலி இருக்கிறதே என்கிறார்கள். வெள்ளம் வந்தால், மரம் விழுந்தால் அந்த வேலி என்ன ஆகும் என்று கிழக்கு டெக்சஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விழாத வேலியிலும் இரண்டு பக்க மான்கள் மூக்கோடு மூக்கு உரசிக்கொள்ளும்.

அடைத்து வளர்த்தாலும் அந்த மான்கள் மக்களின் சொத்துதான் என்று ஆஸ்டின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தச் சொத்துக்குக் காவல் நீங்கள். வண்டியில் ஏறும் ஒவ்வொரு மானையும் பரிசோதிக்க வேண்டும். பண்ணைக்கு இரட்டை வேலி கட்டாயமாக வேண்டும். நோய் கண்ட பண்ணையிலிருந்து ஒரு மான்கூட வெளியே போகக் கூடாது. அடுத்த கூட்டத்தில் இதை வாக்கெடுப்புக்கு வையுங்கள். நான் வந்து பேசுகிறேன்.

இப்படிக்கு,
ஹூஸ்டனிலிருந்து ஒரு வேட்டைக்காரன்