பாட்டு பிறந்த நாளையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழில் தினமும் வரும் ‘வரலாற்றில் இன்று’ பகுதியைத் தவறாமல் படிக்கிறவன் நான். ஜூன் 24 அன்று கவியரசு கண்ணதாசன் படத்தையும் மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன் படத்தையும் அருகருகே போட்டிருந்தீர்கள். மகிழ்ச்சி. அவர் 1927-இல் சிறுகூடல்பட்டியில் பிறந்தார், இவர் 1928-இல் பாலக்காடு பக்கம் எலப்புள்ளியில். ஒரே தேதி, ஒரு வருட இடைவெளி. சினிமாப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் காலண்டரில் இதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. நான் காரைக்குடிக்காரன். கவியரசர் எங்கள் வட்டாரத்து ஆள் என்பதால் எனக்குக் கூடுதல் பெருமை.

ஆனால் படங்களுக்குக் கீழே ‘எம்.எஸ்.வி. இசையில் கண்ணதாசன்’ என்று ஒரு பட்டியல் கொடுத்திருந்தீர்களே, அதில் ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’, ‘பார் மகளே பார்’ எல்லாம் இருந்தன. அவை விஸ்வநாதன் தனியாக இசையமைத்த படங்கள் அல்ல. 1952-இல் வந்த ‘பணம்’ தொடங்கி 1965-இல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ வரைக்கும் விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்று இரண்டு பெயரும் சேர்ந்தேதான் வந்தன. நான் இளவயதில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று மைக்செட் போட்டுப் பிழைத்தவன். ஊசியை வைப்பதற்கு முன் இசைத்தட்டைத் துடைக்கும்போதெல்லாம் அந்த இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் படித்திருக்கிறேன். வயலின் மேதை டி.கே. ராமமூர்த்தி பிறந்தது மே 15, 1922. அந்தத் தேதியில் உங்கள் பகுதியில் அவர் பெயரைக் காணோம். ஜூன் 24-இலும் காணோம் என்றால் அவருக்கு எந்த நாள்தான் மிச்சம்? 

சரி, இது ஒரு பக்கம். நான் எழுத வந்த விஷயம் இன்னும் கொஞ்சம் பெரியது.

இசை பற்றி உங்கள் பகுதியில் வருவதெல்லாம் இரண்டே வகை: இன்னார் பிறந்த நாள், இன்னார் மறைந்த நாள். எப்போதாவது ஒரு படம் வெளியான நாள் வரும். தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ வெளியான 1931 அக்டோபர் 31-ஐப் போடுகிறீர்கள், இளையராஜாவின் முதல் படமான ‘அன்னக்கிளி’ வெளியான 1976 மே 14-ஐப் போடுகிறீர்கள். நல்லது. ஆனால் பாட்டு உருவான நாள்? அது பதிவான நாள்? அதைப் பற்றி ஒரு வரி வருவதில்லை.

அந்தக் காலப் பாட்டுக்கு அப்படி ஒரு நாள் நிச்சயமாக உண்டு. இப்போது தாளத்தை ஒரு நாள், குரலை ஒரு நாள், புல்லாங்குழலை வேறொரு ஊரில் இன்னொரு நாள் என்று தனித்தனியாக எடுத்துக் கோத்துவிடுகிறார்கள். அதில் எந்த நாளைப் பிறந்த நாள் என்பது? விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலத்தில் பாடகர், கோரஸ், வயலின்காரர்கள், தபேலா, அக்கார்டியன் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே கூடத்தில் இருந்தாக வேண்டும். கடைசிச் சரணத்தில் ஒருவர் தவறவிட்டாலும் பல்லவியிலிருந்து மறுபடி எல்லோரும் வாசிக்க வேண்டும். அப்படி எடுத்து எடுத்து, ஒரு டேக் ‘ஓகே’ ஆன அந்த மூன்று நான்கு நிமிஷம்தான் இன்றைக்கும் நாம் கேட்கிற பாட்டு. அந்த மூன்று நிமிஷத்துக்கு ஒரு தேதி இருந்தது, ஒரு காலையோ மாலையோ இருந்தது.

இங்கிலாந்தில் பீட்டில்ஸ் குழு தன் முதல் ஆல்பத்துக்காக ஒரே நாளில் 10 பாட்டுகளைப் பதிவு செய்தது. 1963 பிப்ரவரி 11, லண்டன் அபே ரோடு ஸ்டுடியோ, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். காலையில் ஆரம்பித்து ராத்திரி வரை போனது. ஜான் லென்னனுக்கு அன்று ஜலதோஷம், தொண்டை கட்டியிருந்தது. குரலைக் கிழிக்கிற பாட்டைக் கடைசியில் வைத்துக்கொண்டார்கள். இத்தனையும் எப்படித் தெரிகிறது? ஸ்டுடியோவில் அன்றன்றைக்கு எழுதிய தாளை யாரும் தூக்கிப் போடவில்லை, அதனால்தான். அந்த நாளின் ஐம்பதாம் ஆண்டைக்கூட அங்கே கொண்டாடினார்கள்.

அதே 1963-இல்தான் இங்கே ‘கற்பகம்’ வந்தது, வாலி எழுதி, பாட்டு முழுவதையும் பி. சுசீலா ஒருவரே பாடிய படம். ‘பெரிய இடத்துப் பெண்’, ‘பார் மகளே பார்’, ‘ஆனந்த ஜோதி’ எல்லாமும் அதே வருஷம்தான். இந்தப் பாட்டுகளுக்குக் குறைச்சல் என்ன? அவை எந்தத் தேதியில், யார் யார் வாசிக்கப் பதிவாயின என்பதை நம் பத்திரிகைகளில் நான் படித்ததில்லை.

நம்மிடம் கதைகள் நிறைய இருக்கின்றன. ‘அன்னக்கிளி’யின் முதல் ரிக்கார்டிங் தொடங்கும் நேரத்தில் கரண்ட் போனதை இளையராஜாவே மேடைகளில் சொல்லியிருக்கிறார். தமிழ்நாட்டில் அதைக் கேட்காதவர் குறைவு. அது என்ன தேதி என்று சொல்பவரை நான் கேட்டதில்லை. எஸ்.பி. பாலசுப்ரமணியம் 1981 பிப்ரவரி 8 அன்று பெங்களூரில் இசையமைப்பாளர் உபேந்திர குமாருக்காகக் காலை 9 மணியிலிருந்து ராத்திரி 9 மணிக்குள் 21 கன்னடப் பாட்டுகள் பாடியதை எல்லோரும் ஒரு சாதனை எண்ணாகச் சொல்கிறார்கள். அந்த 21 பாட்டையும் வரிசையாகப் போட்டால் அல்லவா அந்த நாள் எப்படிப் போயிற்று என்று தெரியும்! காலையில் பாடிய குரலையும் இருட்டிய பிறகு பாடிய குரலையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்கலாமே. அவருடைய முதல் தெலுங்குப் பாட்டு 1966 டிசம்பர் 15 அன்று பதிவானது. வாய்ப்புக் கொடுத்த இசையமைப்பாளர் கோதண்டபாணியின் பெயரைத்தான் பிற்பாடு தன் ஸ்டுடியோவுக்கே வைத்தார். அவர் பிறந்த ஜூன் 4-ஐப் போடுகிற நீங்கள் டிசம்பர் 15-ஐயும் போட்டால், நன்றி மறக்காத ஒரு மனிதரின் கதையும் அதோடு சேர்ந்து வரும்.

பழைய தட்டுகளில் தேதியைத் தேடிப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். லேபிளில் கம்பெனி பெயர், படத்தின் பெயர், பாடியவர், இசை, தட்டு எண் இருக்கும். சிலவற்றில் பாட்டு எழுதியவர் பெயர்கூட இருக்காது. பின்னாளில் வந்த எல்.பி. என்னும் பெரிய இசைத்தட்டுகளின் அட்டைகளில் வருஷம் போட்டார்கள், நாள் கிடையாது. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கமும் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்பதும் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், லேபிளை ஒட்டி, ஊசி கடைசியாக ஓடி நிற்கிற வளையத்தில் பொடியாகக் கீறிய ஓர் எண் தெரியும். அது கம்பெனிப் பதிவேட்டோடு சேர்ந்த எண். அந்த எண்களை வரிசைப்படுத்தினால் எது முந்தியது எது பிந்தியது என்று ஓரளவு சொல்லிவிடலாம். பதிவேடும் கிடைத்தால் தேதியையே நெருங்கிவிடலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. வாத்தியக்காரர்கள் ஒரே நாளில் இரண்டு மூன்று ஸ்டுடியோவுக்குப் போய் வாசித்தவர்கள். எந்த ஸ்டுடியோ, யார் கம்பெனி, எத்தனை மணி என்று குறித்து வைக்காமல் அப்படி ஓட முடியாது. சம்பள பாக்கியை வசூலிக்கவும் அந்தக் குறிப்புதான் வேண்டும். அக்கார்டியன் வாசித்த மங்களமூர்த்தி, டிரம்ஸ் வாசித்த நோயல் கிராண்ட் போன்ற சிலரையாவது ரசிகர்களுக்குத் தெரியும். பெயர் வெளியே வராத எத்தனையோ வயலின்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய டைரி கிடக்கலாம். வீடு மாற்றும்போது எடைக்குப் போட்டுவிட்டால் ஒரு தலைமுறையின் கணக்கு அத்தோடு முடிந்தது.

நாள் தள்ளிப்போடக் கூடாத வேலை இது. 2013-இல் ஏப்ரல் 14 அன்று பி.பி. ஸ்ரீனிவாஸ் போனார். மூன்றே நாளில் ராமமூர்த்தி போனார். மே 25 அன்று டி.எம். சௌந்தரராஜன். அந்த ஜூலையில் வாலி. 2015 ஜூலை 14 அன்று எம்.எஸ்.வி.யும் போய்விட்டார். ‘அன்றைக்கு அந்தக் கூடத்தில் நானும் இருந்தேன்’ என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுத வேண்டும்.

அதனால் என் வேண்டுகோள் இது. உங்கள் பகுதியில் வாரம் ஒரு நாளாவது ஒரு பாட்டு பதிவான நாளைப் போடுங்கள். என்ன பாட்டு, எந்த ஸ்டுடியோ, யார் எழுதியது, யார் பாடியது, தெரிந்தவரை யார் வாசித்தது என்று நான்கு வரி போதும். அதற்கு முன் ஞாயிறு இதழில் ஓர் அறிவிப்பு கொடுங்கள்: இசைக் கலைஞர்களின் குடும்பத்தார் பழைய டைரி, கால்ஷீட் குறிப்பு, ஸ்டுடியோ ரசீது, தேதி எழுதிய போட்டோ எது இருந்தாலும் நகல் அனுப்பலாம் என்று. உங்களைப் போல் ஊருக்கு ஊர் நிருபர் வைத்திருக்கும் பத்திரிகை கேட்டால் வரும், தனி ரசிகன் கேட்டால் வராது. ஆதாரம் உள்ள தேதியை மட்டும் போடுங்கள். மாதம் மட்டும் தெரிந்தால் மாதத்தை மட்டும் போடுங்கள்.

என்னிடமுள்ள தட்டுகளின் லேபிள்களையும் அந்த உள்வளைய எண்களையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பாட்டுப் புத்தகங்களும் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் காரைக்குடி நிருபரை அனுப்பினால் எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொள்ளலாம். முதல் வேலையாக, அந்த ஜூன் 24 பட்டியலுக்கு ஒரு திருத்தம் போட்டு ராமமூர்த்தியின் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் மைக்செட் தொழிலாளி ஒருவர்,
காரைக்குடி.