வளர்கிற பிள்ளையின் தட்டில் கை வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இளையர் பக்கத்தில் வந்த கட்டுரையில், விளையாடும் பிள்ளைகள் இரவுச் சோற்றைக் குறைத்துவிட்டுப் புரதப் பவுடர் கலந்து குடிக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள் 800 மீட்டர் ஓடுகிறாள். "பேப்பர்லயே போட்டிருக்கும்மா" என்று சொல்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். நான் என்ன பதில் சொல்வது?

வேகமாக ஓடும்போது தசை எடுத்துச் செலவழிப்பது அதில் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தைத்தான், அதைத் திரும்ப நிரப்புவது சோறும் இட்லியும் வாழைப்பழமும்தான் என்பது உங்களுக்குத் தெரியாததா? ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாத பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தவறும், எலும்பு பலவீனமாகும் என்று அனைத்துலக ஒலிம்பிக் குழு 2014லேயே எச்சரித்துவிட்டது.

இதெல்லாம் எங்கள் வீட்டிலேயே பார்த்ததுதான். போன வருடம் பயிற்சி முடிந்து தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள், ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து குறைவு என்று வந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் ஒரு பயிற்றுவிப்பாளர் "எடை குறைந்தால் நேரமும் குறையும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். 14 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு நாளுக்கு 15 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும், பையனுக்கு 11 போதும் என்கிறது அமெரிக்கப் பரிந்துரை. எங்கள் வீடு சைவம். கீரை, பயறு, கூடவே எலுமிச்சை, சாப்பிட்ட கையோடு தேநீர் கூடாது என்று பார்த்துப் பார்த்துத் தேற்றிக்கொண்டு வருகிறேன், அதை ஒரே வரியில் கலைத்துவிட்டீர்களே.

அப்புறம், அந்தக் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் கஃபீன் கலந்த சக்தி பானத்துக்கு (எனர்ஜி டிரிங்க்) முழுப்பக்க விளம்பரம். சக்தி பானம் பிள்ளைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் கூடவே கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2011லேயே சொன்னது. இதைப் பற்றி முன்பே எழுதினேன், நீங்கள் வெளியிடவில்லை. பெண்கள் ஓட்டப் போட்டி முடிவுகளைப் போடுவதில்லையே என்று எழுதியதும் வரவில்லை. சரி, இடமில்லை என்றே நினைத்துக்கொண்டேன்.

நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் மூன்று மணிக்குப் பயிற்சி, அதற்குள் கேண்டீன் கடைகள் மூடிவிடுகின்றன. 45 கிலோ பிள்ளை 900 கிராம் அளவுக்கு வேர்வையில் இழந்தாலே ஓட்டம் மந்தமாகிவிடும். ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற பயிற்சிக்குத் தண்ணீர் போதும், அதற்கு மேல் வெயிலில் நின்றால் உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்ந்த பானம் வேண்டும். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு வீட்டில் கலந்து கொடுத்தனுப்ப எவ்வளவு நேரமாகும்? இதை ஏன் ஒருவரும் எழுதுவதில்லை?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், அந்த வரி தவறு என்று போடுங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் நம் வீட்டுச் சாப்பாட்டில் எதை, எப்போது கொடுக்கலாம் என்று உணவியல் நிபுணர் ஒருவரிடம் கேட்டு அதன் கீழே நான்கு வரி சேருங்கள். என் மகள் அதையும் படிப்பாள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
ஜூரோங் வெஸ்ட்